மாஸ்டர் வீட்டுத் தரைக்குக் கீழே

கண்டி ஏரி கரையை உடைத்துக்கொண்டு மலையேறி, ஒரு பள்ளிக்கூட மாஸ்டரின் படுக்கையறைக்கு அடியில் வந்துவிட்டது என்று நான் கால் மணி நேரம் நம்பியிருக்கிறேன். ஏரி கீழே கிடக்கிறது. வீடு மேலே இருக்கிறது. அப்போது எனக்குக் குழாய் வேலையில் ஆறு வருஷ அனுபவம். தண்ணீர் தானாக மேட்டுக்கு ஏறாது என்பது அந்த வேலையின் முதல் பாடம். பயம் வந்தால் முதல் பாடம்தான் முதலில் ஓடிப்போகும்.

மாஸ்டர் யாழ்ப்பாணத்தார். சரிவில் மண் நிரப்பி, அதன்மேல் கொங்கிறீற்றுத் தளம் போட்டுக் கட்டிய வீடு. சமையலறைக்குப் போகும் குழாய் அந்தத் தளத்துக்கு அடியால் ஓடியது. சுவர் வெடிக்கிறது, தரை வியர்க்கிறது என்று எங்கள் தண்ணீர்க் கந்தோருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். நானும் மாரிமுத்துவும் போனோம். மாரிமுத்து என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இந்தியாவிலிருந்து கலஹா தோட்டத்துக்கு வந்து, அங்கிருந்து எங்களிடம் வந்து சேர்ந்து இரண்டு கிழமைதான்.

"மெதுவாய் வாரும் தம்பி," என்றார் மாஸ்டர். "அவவுக்குப் பிள்ளை பிறந்து நாலு நாள். காய்ச்சல் வேற. அசைக்க வேண்டாமெண்டு டாக்குத்தர் சொல்லிப்போட்டார்."

இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்தேன். 'உஸ்' என்று சத்தம். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் தரை பானை மாதிரி ஒலித்தது. அடியில் மண் இல்லை. அது மாஸ்டரின் மனைவி குழந்தையோடு படுத்திருந்த கட்டிலுக்கு இரண்டு முழம் தள்ளி இருந்தது.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. தெருவில் இருக்கிற வால்வை மூடியதும், அதைத் திருகும் நீளமான இரும்புத் திறப்பைக் கழற்றி ஃபிட்டரின் கையில் கொடுத்துவிட வேண்டும். திறப்பு என்னிடம் இருந்தால், நான் குழிக்குள் இருக்கும்போது வேறு யாரும் தண்ணீரை விட முடியாது. மாரிமுத்துவைத் தெரு வளைவுக்கு அனுப்பினேன். வேலிக்கு அப்பால் ஆள் தெரியாது. குரல் மட்டும் கேட்கும்.

"மூடியாச்சு!" என்று சத்தம் வந்தது. கம்பியில் காதை வைத்தேன். 'உஸ்' நின்றிருந்தது.

விறாந்தைக்கு வந்து, "தொறப்பு!" என்று கத்தினேன்.

திறப்பு வருமுன்னே உளியை வைத்துவிட்டேன். விதியைச் சொன்ன வாய் என்னுடையது. அதை மீறிய கையும் என்னுடையதுதான். தளம் உடைந்து, ஒரு தேங்காய் போகிற அளவு துளை விழுந்தது. உடனே துளையிலிருந்து தண்ணீர் குபுக்கென்று வந்தது. சேறும் சிறு கல்லுமாக வந்தது.

"ஏன் காணும், பூட்டினதெண்டு சொன்னீர்?" என்றார் மாஸ்டர்.

"பூட்டியாச்சு சேர். இது குழாய்த் தண்ணி இல்ல."

"பின்ன என்ன தண்ணி?"

"ஏரி சேர்."

மாஸ்டர் பூகோளம் படிப்பிக்கிறவர். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் விறாந்தைக்கு ஓடி, "தொறப்பு! தொறப்பு! சீக்கிரம்!" என்று கத்தினேன். திரும்பி வந்தால் தண்ணீர் முழங்கால் உயரத்துக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. இன்னொரு தடவை ஓடினேன். இன்னும் பலமாகக் கத்தினேன். தண்ணீரும் இன்னும் பலமாக வந்தது.

அப்போது கட்டிலின் ஒரு கால் 'டக்' என்று தரைக்குள் இறங்கியது. நான் சகல புனிதர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அந்த அம்மா கத்தவில்லை.

"இஞ்சாருங்கோ, முதல்ல பிள்ளையை வாங்குங்கோ," என்றார். மாஸ்டர் குழந்தையை வாங்கினார். பிறகு அந்த அம்மா என்னிடம், "தம்பி, சாமியைப் பிறகு கூப்பிடலாம். இப்ப என்ரை கையைப் பிடியும்," என்றார். அவரைத் தாங்கிக்கொண்டு வாசற்படியைத் தாண்டினோம். ஹாலில் கதிரையில் உட்கார வைத்து நிமிர்ந்தேன். பின்னால் அறையின் மூலை அப்படியே ஒரு முழம் உள்ளே போனது. கட்டில் தலைப்பக்கம் கீழாக அதற்குள் சரிந்து கிடந்தது.

தெரு வளைவுக்கு ஓடினேன். மாரிமுத்து வியர்க்க வியர்க்கத் திறப்பைத் திருகிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே செய்றீங்க?"

"நீங்கதானே 'தொறப்பா, தொறப்பா'ன்னு கத்துனீங்க? மூத்தவனப் போயி 'பா' போட்டுக் கூப்புடுறாரேன்னு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. வேலைன்னு தொறந்தேன். இன்னும் ரெண்டு சுத்து இருக்கு."

"அண்ணே, நான் அந்தக் கம்பியக் கேட்டேன். அதுக்குப் பேரு தொறப்பு."

"இதுவா? இது சாவிங்க."

வால்வை மூடினோம். தண்ணீர் நின்றது. அந்த அம்மாவின் காய்ச்சல் அதற்கு ஐந்தாம் நாள் விட்டது. அன்றிலிருந்து வேலைத்தலத்தில் நான் 'சாவி' என்றுதான் சொல்கிறேன். கந்தோரில் யாழ்ப்பாணத்தார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஆளை வால்வுக்கு அனுப்புமுன், கருவிக்கு அவர் வாயில் என்ன பெயர் என்று கேளுங்கள்.

ஓவர்சியருக்குக் கொடுத்த ரிப்போர்ட்டில், 'நீண்டநாள் கசிவினால் மண் அரித்துத் தளம் இறங்கியது' என்று எழுதினேன். அது பாதிதான் உண்மை. குழாயில் முதலில் இருந்தது ஒரு நெல்மணி அளவு துளை. அது சிறு பள்ளம்தான் பறித்திருந்தது. மூலையை இறக்கியது, என் உளி பட்டுப் பிளந்த குழாய் வழியாக நான் கேட்டுத் திறந்துவிட்ட தண்ணீர்.