கூடையிலிருந்து தொங்கிய வால்

இன்று மாலை ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பும் பஸ்ஸில் நடந்தது.

எதிர் சீட்டுக்காரர் மடியில் துணி மூடிய கூடை.

"உள்ள என்னண்ணே?" என்றார் கண்டக்டர்.

"கோழி. மருமகன் வாராரு, விருந்துக்கு."

துணி விலகிய இடத்தில் நீளமாய்ச் சாம்பல் நிற வால் ஒன்று தொங்கியது. என் ஏழு வயது மகள் எழுந்து நின்றுவிட்டாள்.

"அது மலை அணில்! மெட்ராஸ் மிருகக்காட்சி சாலையில போர்டு இருந்துச்சு. நம்ம மலையில இருக்குறதாம், பிடிக்கக் கூடாதாம்."

அவள் வாயைப் பொத்தினேன். அங்கே போன அன்றும் அவள் போர்டுகளைப் படித்தாள். நான் புலி வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில் கூண்டின் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, பேசாம உக்காரு! எம்புட்டு வாய் இதுக்கு!" என்றார் கூடைக்காரர்.

என் பிள்ளையை நான் அதட்டலாம், அவர் அதட்டலாமா? கையை எடுத்தேன்.

"அவ சொல்றது சரிதான். கூடையைத் திறங்க."

கண்டக்டர் குனிந்து பார்த்தார். "கோழிக்கு இம்புட்டு நீள வாலு நான் பாத்ததில்லண்ணே!"

பஸ்ஸே சிரித்தது. டிரைவர் நேராக வனத்துறை அலுவலக வாசலில் நிறுத்தினார். குட்டி அணிலுக்குக் காயமில்லை. காலையில் மலையில் விட்டுவிடுவார்களாம். வனக்காவலர் என் மகளுக்கு சல்யூட் அடித்தார்!

"அடுத்த தடவ நீயும் போர்டப் படிம்மா," என்கிறாள்.

மிருகக்காட்சி சாலைக்குப் போய்ப் பூட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர்கள் வேறு யாராவது உண்டா? தைரியமாகச் சொல்லுங்கள்.