மேலவைக்குப் போர்த்திய சால்வை

அன்றைக்கு அந்த வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், பந்தல் தொழிலில் என் கூட்டாளியான மச்சான், கர்நாடக மேலவை உறுப்பினர் ஒருவர், அவருடைய உதவியாளர். வேறு யாரும் இல்லை. இருந்திருந்தால் என் மானம் இன்னும் கொஞ்சம் போயிருக்கும்.

கர்நாடக எல்லையில், அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு அரசு விழாவுக்குப் பந்தலும் நாற்காலியும் போட்டிருந்தோம். பணம் வரவில்லை. கேட்கப் போனால் விழா நடத்திய ஆபீஸ் கிளார்க், "உங்க பணம் சேர்ந்த கூடுதல் செலவு மசோதா கீழ்சபை தாண்டிருச்சு. இப்ப மேல்சபைல இருக்குது" என்றார். வாடகை பாக்கிக்காகக் கிடங்குக்காரர் எங்கள் சாமான்களை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார். பணம் வராவிட்டால் தை மாதத்துக்கு ஒத்துக்கொண்ட கல்யாணங்கள் எல்லாம் கைவிட்டுப் போகும்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். எங்கள் தமிழ்நாட்டில் மேலவை கிடையாது; எப்போதோ கலைத்துவிட்டார்கள். ஆகவே அது மாமியார் மாதிரி, மருமகள் வாங்கி வந்ததை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடும் என நானே முடிவு செய்துகொண்டேன். ராத்திரி தூக்கமில்லை. ஓசூரில் ஒரு சால்வை வாங்கிக்கொண்டு, மச்சானையும் கூட்டிக்கொண்டு அந்த மேலவை உறுப்பினர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

"சார், அந்த மசோதாவ மட்டும் தடுத்துடாதீங்க சார். பொழப்பே அதுலதான் மாட்டிக்கிட்டிருக்குது."

சால்வையை விரிப்பதற்குள் உறுப்பினர் கழுத்தை நீட்டிவிட்டார். "ஓசூரா? நம்ம ஆளுங்கதான். கவலப்படாத, நானே பேசி பாஸ் பண்ணி உட்டுடறேன்."

மச்சான் என் காதருகே, "ஆப்பிளும் வாங்கியாந்திருக்கலாம் மாமா" என்றான்.

அடுத்த வாரம் உதவியாளர் போன் செய்தார். "ஆயித்து! பாஸ்! எல்லாம் சாரோட வேலைதான்." ஓடிப்போய்க் கிளார்க்கிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கூட திரும்பிப் பார்த்தார்.

"சால்வை போட்டீங்களாண்ணா? பண மசோதாவ மேல்சபை தடுக்கவே முடியாதுண்ணா. பதினாலு நாளுக்குள்ள யோசனை ஏதாச்சும் இருந்தா சொல்லித் திருப்பி அனுப்பணும். அத ஏத்துக்கறதும் தூக்கிப் போடறதும் கீழ்சபை இஷ்டம். அனுப்பாம வச்சிக்கிட்டாலும் கெடு முடிஞ்சா பாஸான கணக்குதான்."

"அப்ப மேல்சபைல இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"இருந்துச்சு, சொன்னேன். போய்க் கும்பிடுன்னு சொன்னனா?"

தன்னால் தடுக்க முடியாததைத் தடுக்காமல் விட்டதற்கு ஒரு மனிதர் சால்வை வாங்கிக்கொள்கிறார். முகத்தில் ஒரு கூச்சம் இல்லை. பணம் என்று வந்தால் யோசனை சொல்ல ஒரு அவை, அதைக் கேட்காமல் இருக்க இன்னொரு அவை. இரண்டுக்கும் படி, பயணச் செலவு, சிவப்புக் கம்பளம். எங்களிடம் ஒரே அவைதான் என்று பெருமைப்படவும் வழியில்லை. இந்தப் பக்கத்து ஆபீஸ்களிலும் நடையாய் நடந்தவன் நான்.

"சரி சார், பாஸாயிருச்சே. பணம்?"

"இன்னும் எங்க ஆபீசுக்கு எறங்கலண்ணா."

இரண்டு அவைகளையும் தாண்டிய பணத்தால் ஒரு மேசையைத் தாண்ட முடியவில்லை. கிடங்கு திறக்கவில்லை. தை மாதக் கல்யாணங்களுக்கு வேறு ஆட்கள் பந்தல் போட்டார்கள். எங்களுக்கு இன்னும் வரவேண்டிய பாக்கி அறுபத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய்.