கவசத்துக்குள் பஞ்சு வைத்த ஹமீதா அக்கா

ஒட்டன்சத்திரத்தில் தகரம் வாங்கிக்கொண்டிருந்தபோது மகள் போன் செய்தாள். "அப்பா, ஹமீதா அத்தை தவறிட்டாங்க." நான் பஸ் பிடித்து மலையேறுவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கொடைக்கானல் கடைவீதியில் அவர் பஞ்சு வைத்துத் தைத்த ரஜாய் மெத்தைப் போர்வைக்குள் சுருண்டு மார்கழியைக் கடத்திய நம் எல்லோருக்கும் அவரைத் தெரியும். எனக்குத் தெரிந்த இன்னொன்றையும் சொல்கிறேன்.

மகள் எட்டாம் வகுப்பில் நாடகத்துக்குப் படைத்தளபதி ஆனாள். வெல்டிங் பட்டறைக்காரன் மகள் அட்டைக் கவசம் போட்டால் ஊர் சிரிக்காதா? அசல் இரும்புத் தகட்டிலேயே செய்தேன். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியவன் சரித்திரத்தில் கை வைத்தால் வேறென்ன நடக்கும்? ஒத்திகையிலிருந்து தோள் கன்றி வந்தாள். கை காதுக்கு மேல் எழவில்லை. வேடத்தை டீச்சர் வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடப் போவதாகச் சொல்லி அழுதாள். நாடகத்துக்கு நான்கே நாள்.

கொஞ்சம் பஞ்சு கேட்கலாமென்று அவளோடு அக்கா கடைக்குப் போனேன். அக்கா என் கவசத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலிக்கிற இடங்களை மகளைக் காட்டச் சொல்லி, ஸ்வெட்டர்மேல் சாக்பீஸால் குறித்தார். பிறகு என்னிடம், "ஏப்பா, சட்டை மேலயே இரும்பை மாட்டிவிட்டா அது கவசமா, தண்டனையா?" என்றார்.

முன்பு ஒரு பங்களாக்காரர், சுவரில் மாட்டியிருந்த வெளிநாட்டுக் கவசத்தின் கிழிந்த உள்சட்டையை அவரிடம் தைக்கக் கொடுத்திருக்கிறார். துணிமேல் துணி அடுக்கி, நடுவில் பஞ்சு திணித்து, வரிவரியாகத் தைத்த சட்டை. தோளில் கனம், முழங்கை மடிப்பில் மெல்லிசு, தகடுகளைக் கட்ட அங்கங்கே கயிறு. அதில் படிந்திருந்த துருவைப் பார்த்தே எந்தத் தகடு எங்கே அழுத்தியது என்று அக்கா வாசித்துவிட்டார். பள்ளிக்கூடமே போகாதவர். அன்று தெரிந்துகொண்டதை எனக்கு விளக்கினார்.

"வாள் வெட்டை இரும்பு தடுக்கும். அடியை வாங்குறது பஞ்சுதான். இரும்பு உடம்புல ஏறி உக்காரக் கூடாது, துணியில தொங்கணும்."

என் தகடுகளில் ஓட்டை போடவைத்து, தான் தைத்த உள்சட்டையில் கயிற்றால் கட்டினார். பாரம் இடுப்பில் இறங்க அகலமாய் ஒரு பட்டை. அக்குளில் மட்டும் பஞ்சே இல்லை. கை தூக்க வேண்டுமாம். சோதனை என் தோளில்தான். பஞ்சு அடிக்கும் கம்பால் முதலில் வெறும் தகட்டின்மேல் ஒன்று, பிறகு உள்சட்டை வைத்து ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா என்றார். முதல் அடியை இன்றும் மறக்கவில்லை. இரண்டாவது, கதவை யாரோ தட்டியதுபோல் இருந்தது.

நாடகத்தன்று எதிரிப் படைக்காரன் ஆவேசத்தில் மரவாளை நிஜமாகவே அவள் தோளில் இறக்கிவிட்டான். மண்டபம் அதிர்ந்தது. நான் எழுந்தேவிட்டேன். மேடையில் மகள் இரண்டு கையாலும் வாளைத் தலைக்கு மேலே தூக்கினாள். பக்கத்திலிருந்த அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காருப்பா. அவளுக்குப் படல. எனக்குத்தான் பட்டுச்சு."

அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது இந்த ஒரு சொல்தான். மகள் இப்போது கோவையில் வேலை பார்க்கிறாள். சில நாள் போனில் குரல் கம்மும். முன்பென்றால் உடனே புத்தி சொல்ல ஆரம்பிப்பேன். இப்போது அவள் சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக் கேட்கிறேன். படட்டும், எனக்கும் கொஞ்சம் படட்டும்.