இருபது க்ளிக்

என் தங்கச்சி புருஷனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்கு வராது. மாப்பிள்ளை முறை என்பதால் 'அவர்' போட்டு எழுதுகிறேன். அதற்கு மேல் மரியாதை எதிர்பார்க்காதீர்கள்.

மனுஷன் மெத்தைக் கடையில் விற்பனையாளர். பதினெட்டு வருஷமாக ஒரே கடை, ஒரே பேச்சு. "அமுக்கிப் பாருங்க சார், மேகத்துல படுத்த மாதிரி இருக்கும்" என்று ஊருக்கெல்லாம் சொகுசு விற்பார். கடையை விட்டு வெளியே வந்தால் சொகுசு அவருக்கு ஆகாது. மூன்றாவது தடவையில்தான் லைசென்ஸ் கிடைத்தது. அன்றிலிருந்து தன்னைப் பந்தயக்காரர் என்று நினைப்பு. விரல் நுனி வெளியே தெரியும் கறுப்புக் கையுறை ஒன்று உண்டு. கறிகாய் வாங்கப் போனாலும் அதை மாட்டிக்கொண்டுதான் ஸ்டீயரிங்கைத் தொடுவார். என் மெக்கானிக் பட்டறை ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் 'கையுறை'.

ஒரு நாள் பெரிய அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். உள்ளே நாலு ஷாக் அப்சார்பர். பந்தய வண்டிக்குப் போடுகிற சாதி. தலையில் ஒரு திருகு இருக்கும். அதைத் திருப்பினால் இறுகும், தளரும்.

"மச்சான், இதைப் போட்டுக் குடுங்க. இப்ப இருக்கிறது தொட்டில் மாதிரி ஆடுது. வளைவுல வண்டி படுத்துக்குது."

"எந்த வளைவுல மாப்ள? உங்க கடைக்கும் வீட்டுக்கும் நடுவுல இருக்கிறதே ஒரு திருப்பம். அதுலயும் சிக்னல்."

ஆட்கள் சிரித்தார்கள். அவருக்கு முகம் கறுத்தது.

எனக்கு உறுத்தியது வேறு. தங்கச்சிக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம்தான். இடது கால் இழுத்துக்கொண்டிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு நடைப் பயிற்சிக்குப் போகவேண்டும். போவது இந்த வண்டியில்தான்.

"அவ முதுகை யோசிச்சீங்களா?"

"அதுக்குத்தானே திருகு வச்சது வாங்கியிருக்கேன். உங்களுக்கு இதெல்லாம் புரியாது மச்சான், நீங்க பழைய காலத்து ஆளு. வீடியோவுல தெளிவா சொல்லிட்டான். இருபது க்ளிக். ஒண்ணு குறைஞ்சாலும் கண்டுபிடிச்சிடுவேன்."

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். அந்தத் திருகு மொத்தம் இருபத்துநாலு தடவை 'க்ளிக்' என்று விழும். எங்கள் தொழிலில் முதலில் கடைசி வரை இறுக்கிவிட்டு, அங்கிருந்து தளர்த்திக்கொண்டே எண்ணுவோம். எங்கள் கணக்கில் இருபது என்றால் கிட்டத்தட்ட முழுத் தளர்ச்சி, பழைய ஷாக் மாதிரியே இருக்கும். இவர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தார். இருபது என்றால் இருபது பங்கு இறுக்கம் என்று நினைப்பு.

தொழில் கணக்குப்படி வைத்திருந்தால் வம்பே இல்லை. அவர் பாட்டுக்கு இருபது இருபது என்று பீற்றிக்கொண்டு திரிந்திருப்பார். ஆனால் என் ஆட்கள் முன்னால் 'பழைய காலத்து ஆளு' என்றது சுருக்கென்று தைத்துவிட்டது.

"இருபதுதானே? தாராளமா" என்று அவர் கணக்குப்படியே இறுக்கி வைத்தேன். பல்லெல்லாம் ஆடட்டும், இரண்டே நாளில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார் என்று எண்ணம். தங்கச்சி நினைப்பு வராமல் இல்லை. வந்தது. இரண்டு நாள்தானே என்று தள்ளிவிட்டேன்.

அவர் வரவில்லை. பத்து நாள் கழித்துத் தங்கச்சிதான் போன் செய்தாள்.

"அண்ணே, நான் இனிமே பயிற்சிக்குப் போகல."

"ஏம்மா?"

"போற வழியிலயே உயிர் போகுது. ஒரு குழி வந்தா நடு முதுகுல ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு. வீட்டுக்குள்ளயே நடந்து பழகிக்கிறேன்."

"நடுவுல நிறுத்தினா கால் அப்படியே நின்னுடும்னு சொன்னாங்கல்ல? நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"உன் பட்டறை வண்டியிலயா? அதுல ஜாக்கியே எகிறிக் குதிக்குதுண்ணே."

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். உடம்பு பழகிக்கும்ங்கிறாரு."

அன்று மத்தியானமே வண்டியைக் கொண்டுவரச் சொன்னேன். கையுறையோடு வந்து இறங்கினார். இறங்கும்போது ஒரு கை இடுப்பில். என்னைப் பார்த்ததும் எடுத்துவிட்டார்.

"மாப்ள, கொஞ்சம் தளர்த்திடுறேன்."

"ஒரு க்ளிக் குறைக்க விடமாட்டேன்."

"அவ கால் போயிடும்யா!"

"என் பொண்டாட்டி காலைப் பத்தி எனக்குத் தெரியும். வண்டியில கை வச்சீங்க, வேற பட்டறைக்குப் போயிடுவேன்."

போவார். அங்கே மிச்சம் இருக்கிற நாலையும் சேர்த்து இறுக்கச் சொல்வார். இவரோடு கத்திப் பிரயோஜனமில்லை. பட்டறையில் இரண்டு வாடிக்கைக்காரர்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

"மாப்ள, நீங்க சொன்ன இருபது இது இல்ல. நான்தான் தப்பா எண்ணிட்டேன்."

சுத்தியல் சத்தம் நின்றது. இருபத்தேழு வருஷத்தில் என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அங்கே யாரும் கேட்டதில்லை. இவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, பூத்துவிட்டது.

"அதானே! முதல் நாளே நினைச்சேன் மச்சான், ஏதோ இடிக்குதேன்னு."

இடித்தது அவர் இடுப்பு. திருகைக் கடைசி வரை இறுக்கி, அங்கிருந்து தளர்த்தினேன். எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்பது அவருக்குத் தெரியாது. கையுறை விரலை நீட்டி, பக்கத்தில் நின்று அவரே சத்தமாக எண்ணினார், "ஒண்ணு, ரெண்டு" என்று ஒவ்வொரு சக்கரத்துக்கும் இருபது வரை. ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

"இது இருபது! ரோட்டை எப்படிக் கவ்வுது பாருங்க!"

தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டு போனது வண்டி.

தங்கச்சி மறுபடி பயிற்சிக்குப் போனாள். இப்போது கால் இழுப்பது பாதிதான். சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், மாப்பிள்ளை ஆரம்பித்துவிடுகிறார்: "மச்சான் நல்ல மெக்கானிக்தான். எண்ணத்தான் வராது." எல்லாரும் சிரிக்கிறார்கள். தங்கச்சியும் சிரிக்கிறாள். உண்மையைச் சொன்னால் அன்றைக்கே மறுபடி இறுக்கிவிடுவார் என்று, அவள் இடது காலைப் பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொள்கிறேன்.

அந்தக் கையுறையை மட்டும் ஒரு நாள் கிரீஸ் டப்பாவில் முக்காமல் விடப்போவதில்லை.