வியாழனுக்கு விழுந்த அடி

இரும்புக் கேட்டோ ஜன்னல் கம்பியோ, பொறியண்ணன் பற்றவைத்தால் பிரியாது. வெல்டிங் பட்டறையில் பறக்கும் பொறி கொடுத்த பெயர் அது. அவர் வாய்க்குத்தான் பூட்டுப் போட ஆளில்லை. தான் சொன்னது சரி என்று தெரிந்துவிட்டால் ஊரையே கூட்டிவிடுவார்.

மேல்வீட்டுக் கணக்கு வாத்தியாரின் டெலஸ்கோப்புக்கு ஸ்டாண்டு செய்து கொடுத்தவர் அவர்தான். அந்த உரிமையில், வேலை முடிந்து வந்ததும் மொட்டைமாடியில் முதல் பார்வை அவருக்கு. அன்று பொழுது சாய்ந்ததும் வலது கண்ணை வைத்து வியாழன் கிரகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் ஓரத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்சம். உடனே அணைந்துவிட்டது.

"சார், அதுல என்னமோ விழுந்துச்சு!"

வாத்தியார் பார்த்தபோது ஒன்றுமில்லை. "வால்நட்சத்திரத் துண்டு மோதினா அப்படித் தெரியும். ஆனா நம்ம கண்ணுல படுறது ரொம்ப அபூர்வம்ணே," என்று இழுத்தார்.

பொறியண்ணனின் மனைவி இழுக்கவில்லை. "மின்னல் மாதிரி தெரிஞ்சா கண்ணுலதான் கோளாறு. டாக்டர்கிட்ட கிளம்புங்க."

"கண்ணுல இல்லடி, வானத்துல!"

"அதை டாக்டர் சொல்லட்டும்."

மறுநாள் பட்டறைச் சாவியை ஒளித்து வைத்துவிட்டாள். வேறு வழியில்லாமல் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார்.

கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு நெடுநேரம் பார்த்தார். "வலது கண்ணுல விழித்திரை ஓரமா கிழிஞ்சிருக்கு. நல்லவேளை வந்தீங்க, விட்டிருந்தா பார்வையே போயிருக்கும்." அன்றைக்கே லேசர் வைத்துச் சரிசெய்தார். வானத்தில் எதுவும் நடக்கவில்லை, கண்தான் ஏமாற்றிவிட்டது என்று பொறியண்ணனே நம்பிவிட்டார்.

சில வாரம் கழித்து வாத்தியார் செல்போனோடு தடதடவென்று இறங்கி வந்தார். கடல் தாண்டி எங்கோ ஒருவர் எடுத்த வீடியோ. அதே நாள், அதே ஓரம், அதே பளிச்.

"உங்க கண்ணு பொய் சொல்லலண்ணே!"

மனைவியின் முகம் சுருங்கியது. "அப்போ நான்தான் தப்பா நினைச்சு இழுத்துட்டுப் போனேனா?"

ஊரைக் கூட்ட இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பொறியண்ணன் கூட்டவில்லை. "நீ தப்பா நினைச்சதாலதான் எனக்குக் கண்ணு இருக்கு," என்றார்.

அன்று மாலை மூவரும் மாடிக்குப் போனார்கள். முதல் பார்வையை மனைவிக்கு விட்டுக்கொடுத்தார். அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"பாவம், அடி பலமா பட்டிருக்குமோ?"

"பூமி மாதிரி ஆயிரம் அடங்கும்மா அதுக்குள்ள. தாங்கிக்கும்," என்றார் வாத்தியார்.

"எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும்," என்று சொல்லி நகர்ந்தாள். "இந்தாங்க, அந்த வலது கண்ணாலயே பாருங்க."

பொறியண்ணன் குனிந்தார். கண் நிறைந்திருந்ததால் சற்று நேரம் ஒன்றும் தெரியவில்லை.