வாய்க்காரி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் குறை சொல்லும் பேச்சு மேலேயிருந்து வந்தால் அது கண்டிப்பு. கீழேயிருந்து போனால் வாய்க்கொழுப்பு. இப்போது நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் கூட்டத்துக்குக் கூட்டம் 'விமர்சனங்களை வரவேற்கிறோம்' என்கிறார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொழிலாளர் அறைகள் வரிசையாக நிற்கும் எங்கள் லயத்துக்குப் பின்னால் மழைத்தண்ணீர் ஓடும் கான் மண் மூடி அடைத்துக் கிடந்தது. தண்ணீரெல்லாம் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறையின், எங்கள் காம்பராவின், சுவருக்கு அடியில் இறங்கியது. சுவரில் என் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. ஒருநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்தில், எல்லார் முன்னாலும் அம்மா அதைத் தோட்டத்தின் உதவி மேலாளரான சின்னதுரையிடம் சொன்னாள். சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, தடுமாறாமல்தான் சொன்னாள். அவர் பாதியிலேயே "கட வஹகன்ன" என்றார். வாயை மூடு என்று.

வீட்டில் விழுந்த ஏச்சு அதைவிடப் பெரிது. "ஒனக்கு எதுக்குடி இந்த வாயி? காம்பராவப் புடுங்கிக்கிட்டாங்கன்னா புள்ளைய இழுத்துக்கிட்டு எங்க போறது?" என்று அப்பா கத்தினார். லயமே அவர் பக்கம்தான். அன்றிலிருந்து அம்மாவுக்கு வாய்க்காரி என்று பேர். கான் வெட்ட யாரும் வராததால் அவளே மண்வெட்டியோடு இறங்கினாள். தோட்டத்து மண்ணில் கேட்காமல் கை வைத்தாய் என்று அதற்கும் ஏச்சு.

ஐப்பசி மழையில் அந்த வெடித்த சுவர் விழுந்தது. காய்ச்சலில் படுத்திருந்த அப்பா மட்டும்தான் உள்ளே. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் அவருடைய வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

சின்னதுரை ஆப்பிள் பையோடு பார்க்க வந்தார். கட்டிலருகே நின்று, தனக்குத் தெரிந்த தமிழில் அப்பாவைக் கேட்டார்.

"ஏன் முன்னாடியே சொல்லல? சொன்னா செஞ்சிருப்போம்தானே?"

அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா தலையணையிலிருந்து தலையைத் தூக்கிவிட்டார்.

"தப்புதாங்கையா. நாங்கதான் சொல்லாம விட்டுட்டோம்."

சின்னதுரை தலையாட்டினார். இனிமேலாவது கவனமாக இருக்கவேண்டும் என்று கண்டித்துவிட்டுப் போனார். அந்தத் தலையாட்டலை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அப்பாவையும்தான்.

அம்மா ஆப்பிளை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். அதற்குப் பிறகு அவளை வாய்க்காரி என்று யாரும் சொன்னதில்லை.