சாப்பாட்டு மேசையில் ஐரோப்பா

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு வசந்தகாலம் முழுவதும் ஐரோப்பா விரிந்து கிடந்தது. அதன்மேல் தடித்த கண்ணாடி பிளாஸ்டிக் விரிப்பு. அந்த விரிப்பின்மேல்தான் நாங்கள் மூன்று பேரும் சோறும் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டோம். ஸ்பெயினில் உப்புப் போத்தல் நிற்கும். ஊறுகாய் போலந்தில். நோர்வேயின் பாதி மேசை விளிம்புக்கு வெளியே தொங்கியது. அங்கே எங்களுக்குச் சொந்தக்காரர் எவரும் இல்லாததால் யாரும் அதைப்பற்றிக் கவலைப்படவில்லை. இத்தாலியின் மேல்மூலையில், பிளாஸ்டிக்கின் மீது, நான் மார்க்கர் பேனாவால் போட்ட பெரிய சிவப்பு வட்டம் ஒன்று இருந்தது. அந்த மேசையை நேரத்துக்கு நேரம் துடைத்துக்கொண்டிருந்தவர் என் மாமியார். அவரை நினைக்கும்போதெல்லாம் அந்த வட்டமும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கனடாவில், ஸ்காபரோவில், உயரமான கட்டடம் ஒன்றில் இரண்டு அறை அப்பார்ட்மென்ட். நான், என் மனைவி, மாமி. மாமா ஊரிலேயே காலமாகிவிட்டார். மாமி குடும்பம் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர், நானோ சைவ சமயத்துக்காரன். மகள் ஒரு சைவக்காரப் பெடியனைக் காதலிக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து மாமி சாப்பாட்டைக் குறைத்தார், செபமாலையைக் கூட்டினார். ஒரு வருடம் இழுத்தடித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் சம்மதித்தார். சம்மதித்தார் என்றால், எதிர்ப்பதை நிறுத்திக்கொண்டார். எங்கள் கல்யாணத்தன்று மாதா கோயிலில் முன்வரிசை வாங்கிலில் அமர்ந்து, மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற அந்தோனியார் சுரூபத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை வேண்டுதல் போல் இருக்கவில்லை. வேலையை ஒழுங்காகச் செய்யாத ஒருவரைப் பார்க்கிற பார்வையாக இருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரே வீட்டில் இருந்தோம். மாமி எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. எனக்கு இறால் பிடிக்கும் என்று தெரிந்து சனிக்கிழமைதோறும் இறால் பொரித்தார். என் சேர்ட்டுகளை என் மனைவியைவிட நன்றாக அயர்ன் பண்ணினார். ஆனால் என்னோடு ஒரு சொல் நேரே பேசியதில்லை. மாப்பிள்ளை என்றோ தம்பி என்றோ ஒரு தரம்கூடக் கூப்பிட்டதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் மகளுக்குச் சொல்வார். மகள் இல்லாத நேரங்களில் டிவிக்கு மேலே நின்ற அந்தோனியாருக்குச் சொல்வார். "அந்தோனியாரே, பிறிட்ஜிலை பால் முடிஞ்சுது. கார் வைச்சிருக்கிற ஆக்களுக்குத் தெரிஞ்சால் நல்லது." நான் சத்தமில்லாமல் எழும்பிப் போய்ப் பால் வாங்கி வருவேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் நானும் சுரூபத்தைப் பார்த்து, "அந்தோனியாரே, பால் வந்திட்டுது" என்றேன். மாமி சிரிக்கவில்லை. அந்தோனியாரும் சிரிக்கவில்லை. என் அம்மா அப்போது ஊரில், போன் எடுப்பதே பெரும்பாடான இடத்தில் இருந்தார். இந்த வீட்டில் ஒரு தாய் என்னைத் தம்பி என்று கூப்பிட மாட்டாரா என்று எனக்கு ஏக்கமாகவே இருந்தது. வெளியில் சொல்ல வெட்கம்.

இந்த நிலையில்தான் எங்கள் மூவருக்கும் கனடியப் பாஸ்போர்ட் கிடைத்தது. அதுவரை எந்த எல்லையில் நின்றாலும் எங்களை ஓரமாக நில் என்று சொன்ன நாடுகளுக்கெல்லாம் இனி விசா இல்லாமல் போகலாம். தள்ளிப்போன தேனிலவை இந்தக் கோடையில் முடித்துவிடுவது என்று நானும் மனைவியும் முடிவெடுத்தோம். இரண்டு வாரம் ஐரோப்பா முழுக்க ரயிலில் சுற்றுவதற்கு ஒரு பாஸ் இருக்கிறது என்று வேலையிடத்தில் யாரோ சொன்னார்கள். எல்லாம் சரியாகத்தான் போனது. ஒருநாள் மனைவி சோற்றைப் பிசைந்தபடி, "அம்மாவைத் தனிய விட்டிட்டு எப்பிடிப் போறது?" என்றாள். அந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரேயொரு பதில்தான் இருக்கிறது. தேனிலவுக்கு மூன்று பாஸ் வாங்குவதென்று தீர்மானமாயிற்று. மிசிசாகாவில் என்னோடு வேலை செய்தவர்கள் இதைக் கேட்டுப் பல நாள் சிரித்தார்கள்.

நான் வேலை செய்தது விமானச் சரக்கு அனுப்பும் கம்பனி ஒன்றில். நாள் முழுக்கப் பெட்டிகளில் நகரங்களின் பெயரைச் சுருக்கி எழுதுவதால் உலகமே என் சட்டைப்பைக்குள் இருக்கிறது என்று எனக்கு ஒரு நினைப்பு. ஆகவே வரைபடம் வாங்கியது நான், விரித்தது நான், நடுவே நின்று விளக்கம் கொடுத்ததும் நான்தான். எனக்கு ஒரு இடம்தான் வேண்டும். வெனிஸ். சின்ன வயதில் எனக்குத் தலைமயிர் வெட்டிய சலூனில் வெனிஸ் நகரத்துப் படம் போட்ட ஒரு பழைய கலண்டர் தொங்கியது. கத்தரிக்கோல்காரர் என் தலையைப் பிடித்துக் குனிய வைத்துவிடுவதால் படத்தின் கீழ்ப்பாதிதான் எனக்குத் தெரியும். தண்ணீரும் ஒரு கறுப்பு வள்ளமும். மேல்பாதியில் என்ன இருக்கிறது என்று பார்க்க நிமிர்ந்தால் குட்டு விழும். அந்த மேல்பாதியைப் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் சிவப்பு வட்டம் போட்டேன். ஆசை பெரிதாக இருந்ததால் வட்டமும் பெரிதாகிவிட்டது.

மனைவிக்குப் பனிமலை வேண்டும். சுவிஸில் நீல வட்டம் போட்டாள். அங்கே என் அண்ணை இருந்தது வசதி. பாரிஸில் அவளுடைய சித்தி இருந்தார். எங்கள் ஆட்கள் ஐரோப்பாவில் இடம் தெரிவு செய்வது ரயில் போகும் வழியைப் பார்த்தல்ல. "அங்கை ஆர் இருக்கினம்?" என்பதுதான் முதல் கேள்வி. ஒருவரும் இல்லையென்றால் பிறகு அந்த ஊருக்கு ஏன் போவான்? சித்தி வீட்டில் ஐந்து நாள் என்றால் அண்ணை வீட்டிலும் ஐந்து நாள்; ஒரு நாள் குறைந்தாலும் பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டார் என்று பேச்சு வரும். இப்படிப் பங்குபோட்டதில் சித்தியும் அண்ணையும் சேர்ந்து பயணத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிட, மிச்சமிருந்த சில நாட்களில் ஒரேயொரு இடத்துக்குத்தான் போக முடியும் என்று ஆயிற்று. அப்போதுதான் மாமி, மகளின் முகத்தைப் பார்த்து, தனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்றார். பதுவை. அந்தோனியார் அடங்கியிருக்கும் ஊர். அவருக்கு ஒரு நேர்த்திக்கடன் வைத்திருக்கிறார், நேரில் போய்த்தான் தீர்க்க வேண்டும். என்ன நேர்த்தி என்று கேட்டதும் மேசையைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். கனடாவுக்கு வந்து சேர்ந்ததற்காக இருக்கும் என்று மனைவி எனக்கு மெல்லச் சொன்னாள்.

பதுவை எங்கே இருக்கிறது என்று மனைவியைக் கேட்டேன். அவள் விழித்தாள். பிறந்ததிலிருந்து பதுவை அந்தோனியார் என்று சேர்த்தே சொல்லிப் பழகியதில், பதுவை அவருடைய இனிஷியல் மாதிரி ஏதோ ஒன்று என்று இருந்துவிட்டாளாம். எனக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. கல்யாணத்துக்கு முன் கோயிலில் எனக்குக் கொடுத்த புனிதர்கள் பற்றிய சிறு புத்தகத்தில், அந்தோனியார் போர்த்துக்கல்லில் பிறந்தவர் என்று படித்திருந்தேன். அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடியும் வைத்திருந்தேன். ஆகவே வரைபடத்தின் இடது ஓரத்தில் விரலை ஊன்றி, "பதுவை போர்த்துக்கல்லிலை இருக்கு. ரயிலிலை போய் வரவே மூண்டு நாள் வேணும்" என்று தீர்ப்புச் சொன்னேன். சரக்குக் கம்பனிக்காரன் சொன்னால் யார் மறுப்பது? மாமி என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு டிவிப் பக்கம் திரும்பி, "கேட்டியளோ அந்தோனியாரே, உங்களைக் குடிபெயர்த்திட்டினம்" என்றார். அது எனக்கு விளங்கவில்லை. விளங்க முயலவும் இல்லை.

அதிலிருந்து ஒரு மாதம் வீட்டில் போர்த்துக்கல்லுக்கும் வெனிசுக்கும் சண்டை. சண்டை என்றால், நான் பேசுவேன், மனைவி நடுவில் நிற்பாள், மாமி பாத்திரம் கழுவுவார். லிஸ்பனுக்குப் போகிற வழியில் ரயில் எங்கெல்லாம் மாற வேண்டும் என்று நான் வாசித்துக் காட்டுவேன். மாமி சுரூபத்தின் தூசியைத் தட்டுவார். பாரிஸ் சித்தி போனில் சமரசத்துக்கு வந்தார்: லூர்து மாதாவிடம் போனால் எல்லாப் புனிதரிடமும் போனமாதிரித்தானே என்று. அதற்கும் பதில் அந்தோனியாருக்கே போனது. நேர்த்தி வைத்தது ஒருவருக்கு, தீர்ப்பது இன்னொருவருக்கோ என்று. இதற்கிடையில் நான் ஒன்றைக் கவனித்தேன். மாமி மேசை துடைக்கும்போது மனைவியின் நீல வட்டம் அழிந்துபோகும். அவள் திரும்பத் திரும்பக் கீற வேண்டியிருந்தது. என் சிவப்பு வட்டம் மட்டும் போட்டது போட்டபடி இருந்தது. மாமி ஈரத்துணியை அதுவரை கொண்டுவந்து, ஒரு வளைவு வளைத்து, சுற்றிக்கொண்டு போய்விடுவார். என்னுடைய எதையும் தொட விருப்பமில்லாமல்தான் அப்படிச் செய்கிறார் என்று நினைத்தேன். சேர்ட்டை அயர்ன் பண்ணுகிறவர் வட்டத்தைத் தொட மாட்டாரா என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. மனம் நொந்திருக்கிறவனுக்கு எல்லாமே அதற்குச் சாட்சியாகத்தான் தெரியும்.

டிக்கெட் போட வேண்டிய சனிக்கிழமை வந்தது. பயண முகவர் பின்னேரத்துக்குள் முடிவு சொல்லச் சொல்லியிருந்தார். இறால் பொரியல் முடிந்து கை கழுவியதும் நான் கடைசி வார்த்தையாகச் சொல்லிவிட்டேன். போர்த்துக்கல் முடியாது, வேண்டுமானால் நான் வீட்டிலேயே நிற்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் போங்கோ என்று. மனைவி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் என்னை வைச்சு இழுக்கிறியள். இனி நீங்களே கதைச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

நானும் மாமியும் மேசையின் இரண்டு பக்கமும் தனியே நின்றோம். அப்படி நேருக்கு நேர் நின்றது அதுதான் முதல் தடவை. வழக்கம்போல் மாமி அந்தோனியார் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவரோ, டிவியின் மேலிருந்த சுரூபத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தை யேசுவை ஏந்திய அந்தோனியாரை, ஸ்பெயினைத் தாண்டி, பிரான்சைத் தாண்டிக் கொண்டுபோய், என் சிவப்பு வட்டத்துக்குள்ளே வைத்தார்.

"தம்பி," என்றார். "பதுவை இஞ்சை கிடக்கு."

குனிந்து பார்த்தேன். சுரூபத்தின் காலடியில், என் வட்டத்தின் உள்ளே, வெனிசுக்கு ஒரு நகத்தின் அகலம் இடதுபுறமாக, பொடி எழுத்தில் பதுவையின் இத்தாலியப் பெயர் இருந்தது. ஒரு மாதமாக அந்த வட்டத்தை நான் பார்த்துக்கொண்டே சோறு சாப்பிட்டிருக்கிறேன். எங்கள் கம்பனி அந்த ஊருக்குப் பெட்டி அனுப்புவதில்லை. அதனால் அப்படியோர் ஊர் உலகத்தில் இல்லை என்று விட்டிருந்தேன். வெட்கத்தில் காது சூடாகியது. ஒரு மாதமாக இதை ஏன் சொல்லவில்லை மாமி என்று கேட்டேன்.

"நீங்கள் என்னட்டைக் கேக்கேல்லைத்தானே, தம்பி."

நான் சிரித்துவிட்டேன். மாமியும் சிரித்தார். மேல்வரிசையில் அவருக்கு ஒரு பல் இல்லை என்பதை அன்றுதான் பார்த்தேன். சத்தம் கேட்டு மனைவி கதவைத் திறந்து, மேசை நடுவில் அந்தோனியார் நிற்பதையும் நாங்கள் சிரிப்பதையும் கண்டு பயந்துபோனாள்.

அந்தக் கோடையில் போனோம். சித்தியும் அண்ணையும் தங்கள் பங்கு நாட்களில் எங்களுக்குச் சாப்பாடு தந்தே களைக்க வைத்தார்கள். பேசத் தொடங்கிவிட்ட மாமியை நிறுத்த முடியவில்லை. அதுவரை அந்தோனியார் தனியே வாங்கிக்கொண்டதெல்லாம் இப்போது எனக்கு வந்தது. ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டாதையுங்கோ தம்பி, பாஸ்போர்ட் இருக்கிறதோ பாருங்கோ தம்பி, உந்தச் சப்பாத்து காலைக் கடிக்கிறதோ தம்பி. சுவிஸ் மலைகள் முழுவதையும் நான் இந்தக் கேள்விகளுக்கு நடுவேதான் பார்த்தேன். ஒன்றுக்கும் எனக்குக் கோபம் வரவில்லை.

பதுவைக் கோயிலில் அந்தோனியாரின் கல்லறையை ஆட்கள் வரிசையில் போய்க் கையால் தொட்டுச் செபிக்கிறார்கள். மாமியின் முறை வந்தது. உள்ளங்கையைக் கல்லில் வைத்தபடி நீண்ட நேரம் நின்றார். பின்னால் நின்றவர்கள் இருமினார்கள், மாமி அசையவில்லை. பிறகு ஸ்டேஷனில் வெனிஸ் ரயிலுக்குக் காத்திருந்தபோது, மனைவி தண்ணீர் வாங்கப் போன இடைவெளியில், நேர்த்தி தீர்ந்ததா மாமி என்று கேட்டேன்.

"அது தீர்க்கிற நேர்த்தி இல்லைத் தம்பி," என்றார் மாமி. "உங்கடை கலியாணம் குழம்பவேணும், குழம்பினால் பதுவைக்கு வாறன் எண்டு வைச்ச நேர்த்தி. அவர் கேக்கேல்லை. கேக்காமல் விட்டதுக்கு நேரை வந்து நன்றி சொல்லவேணும் எண்டு எனக்கு இருந்தது."

மாமி தன் கைப்பையைத் திறந்து, பாரிஸ் சித்தி கட்டித் தந்த முறுக்கில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். சாப்பிடுங்கோ, ரயில் வரப்போகுது என்றார். வெனிசில் நான் நிமிர்ந்து நின்று பார்த்தேன். கலண்டரின் மேல்பாதியில் இருந்திருக்க வேண்டிய மாளிகை, திருத்த வேலைக்காகக் கூரையிலிருந்து அடிவரை துணியால் மூடப்பட்டிருந்தது. தண்ணீரும் கறுப்பு வள்ளமும்தான் தெரிந்தன. மாமி விழுந்து விழுந்து சிரித்தார்.

இப்போது நாங்கள் மார்க்கம் என்கிற பக்கத்து நகரத்தில் இருக்கிறோம். பழைய மேசை பேஸ்மன்டில் கிடக்கிறது. மாமி போன மாரியில் காலமானார். கடைசிக் கிழமைகளில் ஆஸ்பத்திரியில் மகளைக்கூட அடையாளம் தெரியாத நாட்கள் இருந்தன. என்னைக் கண்டால் மட்டும், தம்பி, காரைச் சரியான இடத்தில் விட்டனீங்களோ என்று கேட்பார். செத்தவீட்டு வேலைகள் எல்லாம் முடிந்தபின், பேஸ்மன்டைத் துப்புரவாக்க வேண்டும் என்று மனைவி சொன்னாள். மேசையின் மேலிருந்த பெட்டிகளை இறக்கினேன். பிளாஸ்டிக் மஞ்சளாகியிருந்தது. அதற்குக் கீழே ஐரோப்பா அப்படியே இருந்தது, இப்போது இல்லாமற்போன ஒரு நாட்டின் பெயருடனும், போலந்தில் ஊறுகாய்க் கறையுடனும். சிவப்பு வட்டம் கொஞ்சம் வெளிறியிருந்தது. அதை மேசையோடு சேர்த்து எறிந்துவிடலாமா என்று மனைவி மேலிருந்து கேட்டாள். ஈரத்துணி எடுத்து வந்து மேசையைத் துடைத்தேன். வட்டத்துக்குக் கிட்ட வந்ததும் ஒரு வளைவு வளைத்து, சுற்றிக்கொண்டு போனேன்.